மிளகுக்கொடி பிக்சர்ஸின் பதினெட்டு அடி

நாங்கள் எடுத்த படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் யாருக்கும் ஞாபகம் வராது, நான் இன்னொரு தடவை நொந்துகொள்வதுதான் மிச்சம். மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்த ஆறுமுகநாதனாகிய நானும், அலுவிகாரையில் மிளகு வியாபாரம் செய்த யாகூப் நானாவும் சேர்ந்து 1976இல் ஒரு தமிழ்ப் படம் எடுத்தோம். கதை, வசனம் நான். மற்றதெல்லாம் அவர். வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். அப்போது மாத்தளையே சிரித்தது.

கம்பெனிக்குப் பெயர் வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், பதினேழு வருடமாக மாத்தளை அம்மன் தேர் இழுக்கிறவன். அம்மன் பெயரை வைப்போம் என்றேன். யாகூப் நானா தலையைச் சொறிந்தார்.

"எனக்கொண்ணுமில்ல தம்பி, வைங்க. ஆனா ஜும்மாவுக்குப் போனா பள்ளியில நாலு பேரு கேப்பாங்க. நான் பிறைன்னு வைப்போம்னு சொன்னா ஒங்க ஆளுங்க ஒங்களைக் கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் நிம்மதியா ஒரு பேரு இல்லையா?"

மூன்று மாதம் தேடினோம். என் மனைவி சரோஜினிதேவிதான் கடைசியில் அலுத்துப்போய், "உங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவாக இருக்கிறது இந்த வீட்டு வேலியிலை படர்ந்திருக்கிற மிளகுக்கொடி ஒண்டுதான்" என்றாள். திட்டத்தான் சொன்னாள். நாங்கள் அதையே பெயராக வைத்துவிட்டோம். மிளகுக்கொடி பிக்சர்ஸ்.

பெயர் வந்ததும் எம்பளம் வேண்டும் என்றார் கொழும்பிலிருந்து வந்த கமராக்காரர். படம் தொடங்குமுன் திரையில் கம்பெனியின் அடையாளமாக ஒரு காட்சி வருமே, அது. மணியடிக்கலாம், விளக்கேற்றலாம், முதலாளியே நின்று கும்பிடலாம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"முகமெல்லாம் வேணாம்," என்றார் யாகூப் நானா. "என் முகத்தப் பாத்தா வந்தவன் எழும்பிப் போயிருவான். கைய வேணும்னா எடுங்க."

அடையாள அட்டைக்குத் தவிர அவர் ஒரு படத்துக்கும் முகம் கொடுத்ததில்லை. ஆகவே கையை எடுத்தோம். பல்லேபொலயில் அவருடைய சிறிய தோட்டத்தில், காலை வெயிலில், கறுத்த மிளகை இரண்டு கையாலும் அள்ளி ஒரு சுளகில் கொட்டினார். கொட்டக் கொட்ட எழுத்துகள் மேலெழும்பி வரும். முப்பது வருடம் மிளகு அளைந்த கைகள். ரேகைகளில் கறுப்பு ஏறி, எவ்வளவு கழுவினாலும் போகாது. இடது பெருவிரல் நகம் தராசில் நசுங்கி இரண்டாக வெடித்திருக்கும். பன்னிரண்டு செக்கன். பிலிம் கணக்கில் பதினெட்டு அடி. படம் முழுவதிலும் நன்றாக வந்தது அந்தப் பதினெட்டு அடிதான், மற்றதை நான் எழுதியிருந்தேன்.

கொழும்பில் பத்துப் பேருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினார்கள். யாகூப் நானா தன் கையைத் திரையில் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை. ஊருக்கு வந்ததும் மனைவி றாபியா ராத்தாவிடம், "கோடவுன் கதவளவு இருக்கு என் கை. நம்ம ஊருக்குப் படம் வரட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்றாராம். வீட்டு வாசலுக்கு வெளியே அதிகம் போகாத அந்தப் பெண்மணி அதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

படம் எடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். விநியோகம் என்று ஒன்று இருப்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியது. கொழும்பில் அந்த அலுவல்களைப் பார்த்த விஜயரத்தினம் என்பவர் பொறுமையானவர். எந்தக் கொட்டகையில், எந்த வாரம், எந்தப் பிரதி என்று எல்லாவற்றுக்கும் வரிசை உண்டென்று எங்களை உட்காரவைத்துச் சொன்னார். யாகூப் நானா கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிளகு நம்மதுதான், எந்தக் கடையில எப்ப விக்கணும்னு மட்டும் வேற ஆள் சொல்லுவாரு, அப்படித்தானே?" என்று கேட்டார். அப்படித்தான் என்றார் விஜயரத்தினம்.

எங்களுக்கு இருந்தது இரண்டே பிரதிகள். ஒன்று வடக்குக்கும் கிழக்குக்கும், மற்றது கொழும்புக்கும் மலைநாட்டுக்கும். ஊர்களின் வரிசையை மட்டும் நாங்கள் எழுதிக் கொடுக்கலாம்.

"நம்ம ஊர்ல முதல்ல போட்டா என்ன தம்பி?" என்றார் யாகூப் நானா. மெதுவாகத்தான் கேட்டார்.

"புதுப் பிரதியிலை உங்கட ஊர் பார்த்தால் நல்லதுதான்," என்றார் விஜயரத்தினமும்.

எனக்குப் பெரிய மனிதன் ஆகவேண்டும் போலிருந்தது. "அது சரிவராது நானா. கலியாண வீட்டிலை வீட்டுக்காரர் முதற் பந்தியிலை குந்தலாமோ? வந்தவை எல்லாம் சாப்பிட்டு முடியட்டும். நாங்கள் கடைசிப் பந்தி," என்றேன்.

யாகூப் நானா வீட்டு விருந்திலும் அதுதான் வழக்கம். சஹன் என்கிற பெரிய பொதுத்தட்டைச் சுற்றி விருந்தாளிகள் எல்லாம் உண்டு எழுந்த பிறகுதான் அவர் கை நனைப்பார். "அதுவும் சரிதான்," என்றார். நான் பேனையைத் திறந்து கடைசி வரியில் மாத்தளை என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். கச்சேரியில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர்.

அதற்குப் பிறகு படம் ஊர் ஊராகப் போனது. கொழும்பு, நாவலப்பிட்டி, ஹட்டன், பதுளை. ஒவ்வொரு ஊரிலும் ஏழு நாள், சில ஊரில் நாலு நாள். இடையில் வாரக்கணக்காக எங்கேயாவது தூங்கும். 1977 ஆகஸ்டில் கலவரம் வந்து எல்லாம் நின்றது. மாத்தளையிலும் தமிழர் வீடுகளைத் தேடிக் காடையர்கள் வந்தார்கள். நானும் சரோஜினியும் பிள்ளைகளும் நாலு நாள் யாகூப் நானாவின் கோடவுனில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தோம். தும்மல் வந்தால் சாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டும். றாபியா ராத்தா தன் முக்காட்டுக்குள் மறைத்துச் சோறு கொண்டுவருவார். மூன்றாம் நாள் யாகூப் நானா கதவைத் திறந்து வந்து எனக்குப் பக்கத்தில் மூட்டையில் உட்கார்ந்தார்.

"படம் இப்ப எங்க நிக்குது தம்பி?"

"பதுளையிலை எண்டு நினைக்கிறன்."

"பத்திரமா இருக்குமா?"

நாங்கள் பத்திரமாக இருப்போமா என்றே தெரியாத நேரத்தில் அவர் அதைக் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று அந்தக் கோபத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1978 தையில், கடையில் மிளகை நிறுத்துக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மௌத்தானார். படம் மாத்தளைக்கு இன்னும் வரவில்லை.

றாபியா ராத்தா கணவரை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவை நாலு மாதமும் பத்து நாளும் இருந்தார். வெளி ஆம்பிளைகள் போய்ப் பேச முடியாது. அவருடைய மதினி மஸூதா மூலம் ஒரே ஒரு சேதி வந்தது. "படம் எப்ப வருதுன்னு மட்டும் தம்பிட்டக் கேளுங்க. அந்தக் கைய நான் பாக்கணும்." கணவர் போய், இத்தா முடிந்த கையோடு கொட்டகைக்குப் போகிறாள் என்று ஊர் பேசும் என்று மஸூதா சொல்லியிருக்கிறார். பேசட்டும் என்றாராம்.

ஆனி மாதம் கடிதம் வந்தது. மாத்தளைக்கு ஏழு நாள், வெள்ளி முதல் வியாழன் வரை. கொட்டகையில் மெஷின் ஓட்டுகிற ரவூப், படம் தொடங்குவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை பின்னேரம் கச்சேரிக்கே ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டான். தகரப் பெட்டியிலிருந்து முதல் ரீலை எடுத்து மேசையில் வைத்திருந்தான். ஒரு துண்டு பிலிமை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

"ஒங்க எம்பளம் ஐயா. ஒம்பது கட்டம்தான் மிச்சம்."

எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கினான். முதல் ரீலின் தலைப்பக்கத்தைத்தான் ஒவ்வொரு ஊரிலும் மெஷினில் மாட்டி இழுப்பார்கள். அங்கேதான் கிழியும், பல்லில் சிக்கும். கிழிந்ததை வெட்டிவிட்டு ஒட்டுவார்கள். யாரும் வேணுமென்று செய்வதில்லை, தொழில் அப்படி. ஒரு ஊரில் ஓரடி, இன்னொரு ஊரில் மூன்றடி. பதினெட்டு அடியையும் பதினொரு ஊர்கள் தின்றுவிட்டன. கடைசிப் பந்தியில் வந்த எங்களுக்கு இலை மட்டும்தான்.

"ஓட விட்டா அரைச் செக்கன்கூட இல்ல. கண்ணச் சிமிட்டினா போயிரும்."

மற்றப் பிரதி மட்டக்களப்பில், அதுவும் இதே கதிதான். கொழும்பு லாபில் திரும்ப அடித்தெடுக்க மூன்று வாரம். எங்களுக்கு ஏழு நாள். நான் அங்கேயே ஒரு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். படத்தைப் பற்றிய கவலை ஒரு துளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு றாபியா ராத்தா வருகிறார். நாலு மாதமும் பத்து நாளும் இருட்டறையில் இருந்து காத்த ஒரு ஆசை. அதைத் தொலைத்தவன் நான், என் அழகான கையெழுத்தால்.

"ஒரு கட்டத்திலை நிறுத்தி வைச்சுக் காட்டேலாதோ?"

"நிறுத்தினா விளக்குச் சூட்டுல பத்திரும் ஐயா."

பிறகு ரவூப் மூலையைப் பார்த்தான். இடைவேளையில் கடை விளம்பரங்கள் போடுகிற சிலைட் மெஷின் அங்கே கிடந்தது. ஒன்பதில் ஒரு கட்டத்தை வெட்டியெடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, சுற்றிவரக் கறுப்புக் கடதாசி ஒட்டினான். திரையில் கொஞ்சம் சின்னதாகத்தான் விழும், ஆனால் எவ்வளவு நேரமும் நிற்கும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். றாபியா ராத்தாவும் மஸூதாவும் மேல் வரிசையில் பெண்கள் பக்கம். நான் கீழே ஓரமாக உட்கார்ந்தேன். புடவைக்கடை, பேக்கரி, சைக்கிள் கடை என்று சிலைட்டுகள் போயின. பிறகு அது வந்தது.

தலைப்பக்கம் எல்லாம் போய், மிஞ்சியது எம்பளத்தின் கடைசித் துண்டு என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன். மிளகு முழுவதும் கொட்டி முடிந்திருந்தது. சுளகு படத்துக்கு வெளியே போய்விட்டது. இரண்டு வெறுங்கைகள், மேல்நோக்கி விரிந்தபடி, கீழே கம்பெனிப் பெயர். பள்ளியில் துஆக் கேட்கிறவர் ஏந்துகிற கைகள் போலவே. முன்வரிசையில் யாரோ விசிலடித்தான், படத்தைப் போடு என்று கத்தினான். ரவூப் அசையவில்லை. நான் திரும்பி மேலே பார்த்தேன். திரை வெளிச்சத்தில் றாபியா ராத்தாவும் தன் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டிருந்தார். பிறகு முகத்தில் தடவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் வெளியே ஓடினேன். படியிறங்கி வந்தார்கள். உள்ளே படம் தொடங்கிவிட்டது, என் வசனம் கேட்டது.

"அவர் கைதான் தம்பி. நகம் வெடிச்சது தெரிஞ்சிச்சு."

"ஓம் ராத்தா."

"மிளகு கொட்டுறதா சொன்னாரே?"

பொய் சொல்லியிருக்கலாம். களைத்துப்போயிருந்தேன், பொய்க்கும் தெம்பு வேண்டும். "கொட்டினது ராத்தா. மற்ற ஊரெல்லாம் பார்த்தது. பிலிம் தேய்ஞ்சு போச்சு. நானா எங்கட ஊரிலை முதல் போடுவம் எண்டு கேட்டவர். நான்தான் கடைசிப் பந்தி எண்டு எழுதினனான்."

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும். அண்டைக்கே வந்து சொன்னாரு. தம்பி சொல்றது மொறைதான், ஆனா கடைசிப் பந்தி வரைக்கும் நான் பசி தாங்கணுமேன்னு சொல்லிச் சிரிச்சாரு."

அழுதேன். கொட்டகை வாசலில், கச்சேரிக் கிளாக்கர், நாற்பத்தைந்து வயதில். மஸூதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கும் அதைப் போடுவாங்களா?" என்று கேட்டார் றாபியா ராத்தா.

"வியாழன் வரைக்கும் போடுவினம்."

"அப்ப வாறேன்."

திங்கள் வந்தார். செவ்வாயும் வந்தார். வியாழக்கிழமை வரை ஒரு நாளும் தவறவில்லை. மிளகுக்கொடி பிக்சர்ஸ் படத்துக்கு மாத்தளையில் இரண்டாம் தடவை வந்த ஒரே ஆள் அவர்தான். கை திரையில் நிற்கும்வரை இருப்பார், படம் தொடங்கியதும் எழுந்துவிடுவார். நான் கச்சேரிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, உள்ளே போகாமல், ஒவ்வொரு நாளும் அவர் வெளியே வரும்வரை வாசலில் நின்றேன்.