கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட இசை

கண் பரிசோதனை நாற்காலியில் இருந்தவருக்கு லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முந்தினதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கும் அந்த இசை எப்படி ஆரம்பிக்கும் என்று ஏனோ நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "முந்தினதுதாம்மா" என்றார் நாற்காலிக்காரர், இரண்டாம் தடவையாக.

கணவர் மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் அழவில்லை. "கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா" என்று பக்கத்து அறையில் யாரோ சொன்னது காதில் விழுந்தபோது, ஆமாம், சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் "ம்" போட்டாள். சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா? ம். இசைத்தட்டுகள் கண்ணில் பட்டால் மனசு கஷ்டப்படுமே, எடுத்துவிடச் சொல்லலாமா? ம். கேட்டது நாத்தனார், கணவருக்கு ஒரே தங்கை. நல்ல மனசோடுதான் கேட்டாள். பழைய சாமான் வியாபாரி வந்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவர். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஞாயிறு காலையானால் போன நூற்றாண்டு மேற்கத்திய இசைமேதைகளில் யாரையாவது போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவளுக்கு அது பரணிலிருந்து பாத்திரங்கள் உருளுகிற சத்தம்தான். "தலை வலிக்குது, கதவைச் சாத்திக்குங்க" என்பாள். கோபித்துக்கொள்ளாமல் சாத்திக்கொள்வார். ஒன்றே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கும். வயலினைவிடக் கனத்த ஒரு குரல், எங்கும் அவசரமில்லாமல் இழுத்துக்கொண்டே போகும். அவள் இப்போது நினைவில் தேடியது அதைத்தான்.

போனில் தட்டிப் பார்த்தாள். மெதுவான சோக இசை என்று போட்டதும் நன்றாகத் தூங்குவதற்கான மழைச் சத்தங்கள் வரிசையாக வந்து நின்றன. இதை எங்கே போய்த் தேடுவது என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"பெரிய நூலகத்துல இசைக்குன்னே ஒரு பிரிவு இருக்கு அண்ணி. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நாத்தனார். அண்ணி தானாக ஒன்று கேட்டதே அவளுக்குப் பெரிசாக இருந்தது.

இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சளி பிடித்த மூக்கோடு நிமிர்ந்தார். "யாரோட இசைம்மா?"

"தெரியலை. போன நூற்றாண்டுன்னு மட்டும் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "அது பெரிய கடலாச்சே. ஆளுக்கொரு பக்கம் போயிருக்காங்க. சரி, கரையிலேருந்து வருவோம்" என்று தடித்த கலைக்களஞ்சியம் ஒன்றை அவள் முன்னால் வைத்தார். வாழ்க்கை வரலாறுகள் இந்த அலமாரி, இசைக்குறிப்புகள் அந்த அலமாரி, இசையமைப்பாளர்களே பேசின பேட்டிகள் ஒலிப்பதிவாக உள்ளே, கேட்பதற்குக் கண்ணாடி அறை என்று காட்டிவிட்டுத் தும்மினார்.

சனிக்கிழமைதோறும் போனாள். நாத்தனார் வாசலோர நாற்காலியில் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். பன்னிரண்டு சுரங்களில் எதற்கும் தனிச் சலுகை கிடையாது என்று ஒருவர் சட்டம் போட்டிருந்தார். ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜனங்களின் பாட்டைப் பிடித்துவந்தார். இன்னொருவர் போர்க்கைதி முகாமில், கூட இருந்தவர்களுக்கு என்ன வாசிக்கத் தெரியுமோ அதற்கு எழுதினார். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்கிற மாதிரி எல்லாவற்றையும் படித்தாள். புரிந்தது, உள்ளே எதிலும் போய்ப் படவில்லை. அந்தக் கனத்த குரலுக்குச் செல்லோ என்று பெயர் என்பது தெரிந்ததும் தேடுகிற இடம் சுருங்கியது. நூலகர் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"இதுவா? இல்ல, முந்தினதா?"

நாற்காலிக்காரர்கள் ஏன் அவ்வளவு தயங்குகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. தப்பாகச் சொல்லிவிட்டால் அதுவே நிலைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. பயம் என்ற ஒன்று வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை மாலை, மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால், அது வந்தது. முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கீழே இன்னொன்றும் இருந்தது. ஒரு பியானோ, ஒரே அடியை, மெல்ல, திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தது. யாரோ கூடவே நடந்துவருகிற மாதிரி. அவள் அதைக் கேட்டதே இல்லை. சாத்திய கதவைத் தாண்டி வந்துசேர அதற்குப் பலம் இருந்திருக்காது. இத்தனை வருஷமும் அவர் இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினாள்.

"கிடைச்சிடுச்சா அண்ணி?"

"ம்."

"அந்தப் பெட்டிகளை நான் கொடுத்திருக்கக் கூடாது."

"நானும்தானே சரின்னேன். உட்காரு."

ஹெட்போனைக் கழற்றி, ஒரு பக்கத்தை நாத்தனாரின் காதில் வைத்துவிட்டு, மறுபக்கத்தைத் தன் காதில் அழுத்திக்கொண்டாள். தலையோடு தலை முட்டியது. கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அந்தக் குலுக்கம் இவள் உடம்புக்குள்ளும் வந்துபோனது. வெளியே நூலகர் ஒவ்வொரு வரிசையாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்தார். கடைசி வரிசைக்கு வந்தவர், கண்ணாடி அறையைப் பார்த்துவிட்டு, சுவிட்சில் வைத்த விரலை அழுத்தாமல் அப்படியே நின்றார்.