நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்

வகுப்பு தொடங்க இரண்டே நாள் இருந்தது. வீட்டுக்காரம்மா நீல நாற்காலியை இழுத்துப் போட்டு, அறை பார்க்க வந்த பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு எதிரில் நின்றார். பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம். மாடி அறைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் மாணவிகள் வந்துவிட்டார்கள். மிச்சமிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் ஆய்வுக்கூடத்தின் கூரை தெரிந்தது. அவளுக்கு அதுவே போதும்.

“அப்பா என்ன பண்றாரு?”

“சொந்தமா லாரி வச்சிருக்காரு ஆன்ட்டி.”

“பரவாயில்லையே! மணல் லாரியா?”

“இல்ல. செப்டிக் டேங்க் லாரி.”

வீட்டுக்காரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஆள் வச்சு ஓட்டறாரா?”

“அவரேதான் ஓட்டுவாரு. குழாயும் அவரேதான் இறக்குவாரு.”

“தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு ஒண்ணுமில்ல. மேல இருக்கறதெல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க. நாளைக்கு அதுங்க ஏதாவது சொல்லும் பாரு, அதான்.”

எழுந்து வந்துவிட்டாள். தெருமுனையில்தான் குடையை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனாள். குடை கேட்டுக்கு வெளியே கிடந்தது. உள்ளே, முழங்கை வரை சோப்பு நுரையோடு, வீட்டுக்காரம்மா நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம், “ரூம் காலியில்லையாம்ப்பா” என்றாள்.

அக்கம்பக்கத்தில் வேறு இடமும் கிடைக்கவில்லை. விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ் பிந்திய நாட்களில் ஆய்வுக்கூடக் கதவு சாத்தியிருந்தது. இன்னொரு தடவை பிந்தினால் பாடத்திலிருந்தே நீக்கிவிடுவேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. லாரியின் முதுகில் எழுதியிருந்தது அவள் நம்பர். கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவள் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் வந்தது.

“அம்மா, தொட்டி ரொம்பி முற்றம் பூரா ஓடுது. ஒரு லாரிக்காரனும் போனை எடுக்க மாட்டேங்கறான். பிள்ளைங்க காலி பண்ணிட்டுப் போறேங்குதுங்க. உடனே வரச் சொல்லும்மா.”

யாரென்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

“வீட்ல இருக்கறவங்கல்லாம் எப்படிப்பட்டவங்க?”

“அது எதுக்கும்மா?”

“அப்பா எல்லா வீட்டுக்கும் வண்டி எடுக்க மாட்டாருங்க. விசாரிச்சுத்தான் வருவாரு.”

“ஐயோ, நல்ல குடும்பம்மா! தெருவுல யாரை வேணா கேட்டுப் பாரு.”

“அப்ப சரி. வர்றோம்.”

லாரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எங்க கண்ணு கிளம்பிட்டே?”

“வீடு பாக்கத்தான்.”

முற்றத்தில் கறுப்பாகத் தண்ணீர் நின்றது. மாடியில் மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா நீல நாற்காலிமேல் ஏறி, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். நாற்காலியின் கால் பாதி மூழ்கியிருந்தது.

அப்பா தொட்டி மூடியை நெம்பித் திறந்து குழாயை இறக்கினார். அப்போதுதான் வீட்டுக்காரம்மா அவளைக் கவனித்தார்.

“அட, நீயா கண்ணு! அந்த ரூமுக்கு வந்த பொண்ணு நாத்தம் தாங்காம நேத்துத்தான் போனா. இன்னிக்கே வந்துடு. சீக்கிரம் எடுக்கச் சொல்லும்மா, நாற்காலி வழுக்குது.”

அப்பா மகளைப் பார்த்தார்.

“இந்த வீடா? காலியில்லைன்னு சொன்னே?”

“இதே வீடுதான்ப்பா. நான் உக்காந்து எழுந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினாங்க. இப்ப ஏறி நிக்கறாங்களே, அந்த நாற்காலிய.”

மோட்டாரைப் போடப் போன அப்பா கையை இழுத்துக்கொண்டார். லாரியில் சாய்ந்து நின்றார்.

மாடி அறையின் ஜன்னல் திறந்திருந்தது. அவள் அதை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு மேலே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“ரூம் இருக்கட்டும் ஆன்ட்டி. இதுல நல்ல குடும்பத்தோடது எதுன்னு மட்டும் கைகாட்டுங்க. அதை முதல்ல எடுக்கச் சொல்றேன்.”