இடது சட்டத்து விரிசல்

கேபினைக் கழற்றி இறக்கிய அன்றுதான் அவள் அதைப் பார்த்தாள். லாரி சேஸிஸின் இடது சட்டத்தில், துருவுக்கு அடியில், தலைமுடி போல ஒரு விரிசல். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க நீண்டுகொண்டே போய் ஒரு சாண் நீளத்தில் நின்றது.

பட்டறையின் மறுகோடியில் அவள் அண்ணன் வடம் சுற்றி இழுக்கும் வின்ச்சைப் பிரித்துப் போட்டு டீசலில் கழுவிக்கொண்டிருந்தான். கூடவே சீட்டியடித்துக்கொண்டிருந்தான். அவன் சீட்டியடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

போன வருஷ மழைக்காலத்தில் அவன் ஓட்டிப்போன மரலாரி சதுப்பில் சறுக்கிக் கவிழ்ந்தது. கூட வந்தவருக்கு மூக்குக்கண்ணாடியின் கனத்தால் சோடா என்று பெயர். சரிந்த மரம் சோடாவின் இடுப்பில் ஏறி நின்றுவிட்டது. மீட்பு வண்டி வந்துசேர ஒன்பது மணி நேரம். எட்டாவது மணியில் சோடா பேச்சை நிறுத்தினார். அதற்குப் பிறகு அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். அண்ணி கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

திடீரென்று ஒருநாள் எழுந்து போய் இந்தக் கழித்துப்போட்ட லாரியை இழுத்துக்கொண்டு வந்தான்.

"சேறோ, மலையோ, எங்க மாட்டினாலும் போய் இழுக்கிற வண்டி. நாமளே கட்டுவோம்" என்றான். நாம் என்றது வெல்டரான தங்கையையும் சேர்த்துத்தான்.

இப்போது விரிசலைச் சொன்னால் அவன் வண்டியைத் தூக்கிப் போட்டுவிடுவான். கனம் இழுக்கப்போகிற வண்டிக்கு விரிந்த சேஸிஸ் ஆகாது என்பது யாருக்கும் தெரியும். போட்டுவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவள் விரிசலைக் கிரைண்டரால் தோண்டி வெல்டு வைத்தாள். மேலே தகடு அடித்து, கறுப்புப் பெயின்டும் பூசினாள். தன் கைவேலையில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அந்தப் பழைய இரும்பின் மேல்தான்.

மூன்று மாதம் வேலை நடந்தது. நாலு சக்கரமும் இழுக்கும்படி வேறொரு வண்டியின் முன் அச்சைப் பொருத்தினார்கள். அச்சுக்கு மேலுள்ள வில்பட்டைகளைக் கூட்டி உயரத்தை ஏற்றினார்கள். ஆளின் இடுப்புயர டயர் வந்தது. தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு வாங்க, காற்றுக்குழாயைக் கேபின் கூரைக்கு மேல் கொண்டுபோனார்கள். பின்பக்கம் வின்ச் உட்கார்ந்தது.

"எனக்கு ஒரு வாய் ஊட்டினதில்ல. அதுக்கு கிரீஸ் ஊட்டுறதப் பாரு" என்று அண்ணி சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். தங்கை மட்டும் ஏதோ தேடுவதுபோல வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டாள். தினமும் காலையில் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது.

பாரம் கட்டி இழுத்துப் பார்க்க அடுத்த வாரம் என்று பேசியிருந்தார்கள். அதற்குள் ஒரு மத்தியானம் போன் வந்தது. மலைப்பாதையில் மின்கம்பி வேலைக்காரர்களின் வேன் சறுக்கி இறங்கிவிட்டது. இரண்டு பேர் வெளியே குதித்துவிட்டார்கள். டிரைவர் கால் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான். நகரத்திலிருந்து மீட்பு வண்டி வர நாலு மணி நேரமாகும்.

அண்ணன் சாவியை எடுத்துவிட்டான். அவளும் ஓடிப்போய் ஏறினாள். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். வளைவில் கியர் மாற்றத் தவறி, மறுபடி போட்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சரிவில், பாதையிலிருந்து இருபதடி கீழே, மூக்கு குப்புற ஒரே ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது வேன். மரத்தின் வேர் ஒருபக்கம் மண்ணை விட்டுக் கிளம்பியிருந்தது. உள்ளே டிரைவர் ஈனக்குரலில் முனகிக்கொண்டிருந்தான். வேனைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால்தான் யாரும் உள்ளே இறங்க முடியும்.

அண்ணன் லாரியைத் திருப்பி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, வடத்தின் கொக்கியைத் தூக்கித் தோளில் போட்டான்.

"நீ வின்ச்சப் பாத்துக்க. நான் இறங்குறேன்."

"அண்ணே, நில்லு."

"என்ன?"

"சேஸிஸ்ல விரிசல் இருக்கு. இடது சட்டத்துல. நான்தான் வெல்டு வச்சு மூடினேன்."

மழை தூறிக்கொண்டிருந்தது. வெளியே குதித்த இருவரும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

"எப்ப பாத்த?"

"கேபின இறக்கின அன்னைக்கு."

"மூணு மாசம் எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க" என்றான். குரல் உயரவில்லை. அவள் கன்னத்தில் ஓர் அறையை எதிர்பார்த்திருந்தாள். அது விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அவன் வேனைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், பாதையின் மேல்பக்கம் நின்ற பெரிய மரத்தைப் பார்த்தான்.

"கப்பிய எடு. வடத்த வேன்ல மாட்டின கப்பி வழியா விட்டு, நுனியக் கொண்டாந்து அந்த மரத்துல கட்டு. பாதி கனம் மரத்துக்குப் போயிரும். மீதிதான் நமக்கு." பிறகு சொன்னான்: "அந்த வெல்டு மேலயே கண்ண வச்சிரு. அசைஞ்சா சொல்லு. இருக்கிறத இருக்கிறபடி சொல்லு."

அவள் நுனியை மரத்தில் கட்டினாள். அவன் கப்பியோடு இறங்கி வேனின் பின்கொக்கியில் மாட்டினான். வின்ச் சுற்றியது, வடம் விறைத்தது, வேன் ஒருமுறை முனகி மரத்தை விட்டு அரையடி பின்வாங்கி நின்றது. அண்ணன் கடப்பாரையோடு கதவு வழியாக உள்ளே நுழைந்தான். குதித்துத் தப்பிய இருவரும் இறங்கிப்போய்க் கதவருகே நின்றார்கள்.

அவள் சேற்றில் முழங்காலிட்டு, ஒரு கை வின்ச் பிடியிலும் கண் கறுப்புப் பெயின்டிலுமாக இருந்தாள். உள்ளே இரும்பை நெம்பும் சத்தம் கேட்டது. திடீரென்று தகட்டின் ஓரத்தில் பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. உள்ளிருந்து ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"அண்ணே, பெயின்ட் விட்டுருச்சு."

"எவ்வளவு?"

"ஒரு நகம்."

"வளருதா?"

வளரவில்லை என்று சொல்ல நாக்குவரை வந்தது. "வளருது. ரெண்டு நகம்."

"காலு வந்துருச்சு. பத்து எண்ணு."

அவள் சத்தமாக எண்ணினாள். ஆறில் வெளியே நின்ற இருவரும் கைகொடுத்து டிரைவரை இழுத்தார்கள். எட்டில் அண்ணன் வெளியே வந்து விழுந்தான். நால்வரும் ஓரமாய் ஏறிவந்தபின் அவள் வடத்தைத் தளர்த்தினாள். வேன் மறுபடி மரத்தில் சாய்ந்தது. இந்தத் தடவை மரம் தாங்கவில்லை. இரண்டும் சேர்ந்தே கீழே போயின.

டிரைவரின் கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவன் மனைவி வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றான்.

அதன்பின் இருபது நாள் அவன் தங்கையோடு பேசவில்லை. ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை. விடிந்ததும் பட்டறைக்கு வந்தான். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து நல்ல சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, வெல்டு வைக்க வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்தான். தன் பட்டறையில் வேறொருவர் முகமூடி போட்டு உட்கார்ந்ததை அவள் தூரத்தில் நின்று பார்த்தாள். அண்ணி கொண்டுவந்து கொடுத்த காபி அவள் கையிலேயே ஆறிப்போனது.

"உங்களுக்காகத்தான அவ மறைச்சான்னு நானும் சொல்லிப் பாத்தேன்" என்றாள் அண்ணி. "அதுதான் கோவமாம். ஒடிஞ்சு போயிருவேன்னு நெனச்சிட்டாளேன்னு கேக்குறாரு."

வேலை முடிந்த சாயங்காலம் அண்ணன் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"பாத்துச் சொல்லு."

அவள் லைட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்தாள். ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தாள். வெளியாள் சலிப்போடு பீடி பற்றவைத்தார். நாலாவது வெல்டின் ஓரத்தில் சிறு குழிகள் இருந்தன.

"இங்க வெல்டுக்குள்ள காத்து நின்னிருக்கு. வெட்டி மறுபடி வைக்கணும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் வெளியாள்.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து கிரைண்டரை எடுத்து, ஒயரைச் சொருகி, வண்டிக்கு அடியில் அவள் பக்கமாக நீட்டினான்.