தொப்புளுக்கு வலப்பக்கம்

சட்டையைத் தூக்கச் சொல்லி டாக்டர் கேட்கவே இல்லை. உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் அந்த மனிதர் நாற்காலியில் உட்காரும் முன்பே தூக்கிவிட்டார். செதுக்கி வைத்தாற்போல் வயிறு. தட்டோடு வந்த நர்ஸ் ஒரு நொடி வந்த வேலையை மறந்தாள்.

“இது வயிறு இல்ல டாக்டர், என் கடை போர்டு. இதப் பாத்துதான் ஆள் சேருது.”

“அந்த போர்டுதான் ரெண்டு மாசமா வலி தாங்காம கட்டில்ல உருளுது,” என்றாள் அவர் மனைவி.

பித்தப்பையில் கல். பையையே எடுத்தாக வேண்டும். வழக்கமாக வயிற்றில் நாலு ஓட்டை போடுவார்கள். இந்த டாக்டர் தொப்புள் வழியாக ஒன்றிலேயே முடிப்பவள். தழும்பு தொப்புள் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கென்று வளைந்த கருவிகள் விற்கிறார்கள், யானை விலை. அவளுக்கு எல்லோரும் வைத்திருக்கும் நேரான கருவிகளே போதும். தன் கையைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்ததும் இல்லை.

“உள்ள சரியா தெரியலன்னா இன்னொரு ஓட்டை போடுவேன். சம்மதம்தானே?”

“போடுங்க. ஆனா நீங்க போட மாட்டீங்க. விசாரிச்சுட்டுதான் வந்தேன்.”

அது அவளுக்கு இனித்தது.

அறுவை அறையில், தொப்புளின் சின்னக் கீறலில் மூன்று குழல்கள் நெருக்கியடித்து நின்றன. ஒன்றில் கேமரா, மற்ற இரண்டில் கருவிகள். நேரான கம்பிகள் ஒரே வாசலில் நுழைந்தால் ஒன்றையொன்று குறுக்கிடும். வலக்கைக் கருவி திரையில் இடப்பக்கம் வந்து நிற்கும். கேமரா பிடித்தவர் ஒட்டகம் என்று பேரெடுத்த நெடிய உதவி மருத்துவர். பாதி உடம்பை மடக்கிக்கொண்டு நின்றும் முழங்கை இடித்தது.

“இடிக்காதீங்க ஒட்டகம்.”

“நான் நகர்ந்தா படமும் நகரும் மேடம்.”

பித்தப்பையின் கழுத்து வீங்கி, சுற்றிலும் ஒட்டிக்கிடந்தது. அங்கே இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று அறுக்க வேண்டியது, மற்றது அறுக்கவே கூடாதது. பையை இப்படி இழுத்தாள், அப்படித் தள்ளினாள். கம்பியோடு கம்பி உரசியது. கடைசியில் ஒரு குழாய் தலைகாட்டியது.

“அறுக்க வேண்டியது இதுதானே?”

ஒட்டகம் திரையை உற்றுப் பார்த்தார். “அது மாதிரிதான் இருக்கு மேடம்.”

கத்திரி திறந்தே இருந்தது. அந்த ‘மாதிரி’ சுருக்கென்று குத்தியது. அவளுக்கும் மாதிரிதான் இருந்தது. கோபம் வந்தது, பையின் மேல், கம்பிகளின் மேல், விசாரித்துவிட்டு வந்த அந்த மனிதரின் மேல். கத்திரியை மூடி வெளியே எடுத்தாள்.

“கத்தி குடுங்க. வலது பக்கம், விலாவுக்குக் கீழ.”

தழும்பை ஒளிக்க முடியாத இடம் அது. பக்கவாட்டிலிருந்து ஒரு கருவி நுழைந்து பையை விலக்கிப் பிடித்ததும் இரண்டு குழாய்களும் தனித்தனியாகத் தெரிந்தன. முன்பு தலைகாட்டியது அறுக்கக் கூடாதது. அதை அவள் இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கை தன் வேலையைப் பார்த்தது, எப்போதும்போல் சுத்தமாக.

மறுநாள் காலை அவளே போனாள். அவர் ஏற்கெனவே போர்வையை விலக்கிப் பார்த்திருந்தார்.

“ரெண்டு இருக்கே டாக்டர். ஆணழகன் போட்டிக்குப் போறவன் நான். உங்கள நம்பித்தானே வந்தேன்.”

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. போனை எடுத்து அறுவையின் படத்தை ஓடவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தினாள்.

“இது உங்க வயித்துக்குள்ள. இத பித்தப்பைக் குழாய்னு நெனச்சு அறுக்கப் போனேன். இது ஈரல்லேர்ந்து குடலுக்குப் போற குழாய்.”

“அறுத்திருந்தா?”

“ஒரே தழும்போட சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பீங்க. ஒரு வாரத்துல கண்ணெல்லாம் மஞ்சளாகி திரும்பி வந்திருப்பீங்க. அதுக்கப்புறம் என்னால எதுக்கும் உறுதி சொல்ல முடியாது.”

அவர் போனைக் கையில் வாங்கினார். மனைவி எட்டிப் பார்த்து, “எனக்கும் காட்டுங்க,” என்றாள்.

“இரு,” என்றார் அவர். “நானே இன்னும் பாக்கல.”

போனை முகத்தருகே கொண்டுபோய், வெளிறிய அந்த மெல்லிய குழாயை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.