சண்டை மரபணுவில் முப்பத்தொரு மூடிகள்

என் மனைவி ஜெபராணியின் சண்டை மரபணு செப்டம்பர் மாதம் மூடிக்கொண்டது. பாலைப் பொங்கவிட்டேன், துடைத்தாள். ரேஷன் கார்டைத் தொலைத்தேன். "பரவாயில்லங்க" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பாளையங்கோட்டையில் மரபணு பார்க்கும் டாக்டர் சங்கரகோமதியிடம் அவளை அழைத்துப் போனேன். ஒப்பிட்டுப் பார்க்க என்னிடமும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் அவளுடைய மரபணுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மரபணு நல்லாத்தான் இருக்கு சார். மேல மெத்தில்னு ஒரு ரசாயன மூடி இருக்கு. மூடி இருந்தா அது பேசாது, அவ்வளவுதான். எல்லாருக்கும் கடுகு சிந்தின மாதிரி அங்கங்க இருக்கும். இவங்களுக்குத் தையல் போட்ட மாதிரி வரிசையா முப்பத்தொண்ணு. இது கையால போட்டது."

"யார் போட்டது?" என்றேன்.

"நாந்தான்" என்றாள் ஜெபராணி.

என் நெஞ்சு ஆபரேஷன் முடிந்தபோது, வீட்டில் சத்தமே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருபத்தேழு நாட்கள், நாளுக்கொரு மூடி போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு.

"ஞாயித்துக்கிழமை ஏன் ரெண்டு?" என்றார் டாக்டர்.

"அன்னைக்கு இவங்க அடுக்களையில எனக்கு ஒத்தாசை செய்வாங்க."

டாக்டர் குறித்துக்கொண்டார். அவளுக்கு என் மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போனது என்று நினைத்துத்தான் அத்தனை நாளும் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

இந்த மூடிகளை மருந்து திறக்காது. தகுந்த காரணம் வேண்டும். செருப்போடு அடுக்களைக்குள் போனேன். இரண்டு திறந்தன. அவள் தம்பி வைக்கும் மீன்குழம்பே ருசி என்றேன். ஒரே மூச்சில் பதினொன்று. இப்படியே ஒரு வாரத்தில் முப்பது திறந்தன. கடைசி மூடியை மட்டும் அவள் விடாமல் பிடித்திருந்தாள்.

"நெஞ்சு வலிச்சுதுன்னா?"

"வலிக்காது. நீ சத்தம் போடு."

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"மறந்துட்டேன்."

அது திறந்தது. தெருக்கோடி வரை கேட்டது. ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக நின்று, எங்கள் கல்யாணப் பேச்சுவார்த்தையிலிருந்து ஆரம்பித்துத் திட்டினாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு ஒழுங்காக அடித்தது.

அடுத்த வாரம் டாக்டர் போன் செய்தார். என் ரத்தத்தையும் பார்த்தார்களாம். சிறகு மரபணு திறந்து கிடக்கிறதாம், முதுகில் சிறகு முளைக்குமாம். மூடிவிடலாமா என்று கேட்டார். ஜெபராணி போனை வாங்கினாள்.

"இருக்கட்டும் டாக்டர். மாடித் தொட்டியில தண்ணி இருக்கான்னு எட்டிப் பாக்க வீட்ல ஆள் இல்ல."

சாயங்காலம் தையல்காரர் செல்லப்பாண்டி வந்து என் முதுகை அளந்தார். சிறகுக்கு முழுக்கையா, அரைக்கையா என்று மட்டும் கேட்டார்.