அப்பன் பதிவு

மதியம் ஒன்றரைக்கு அறுவை அரங்கிலிருந்து போன் வந்தபோதுதான், காலையில் செய்த காரியம் எனக்கு உறைத்தது. விமானத்தில் ஒரு சிறுநீரகம் எங்கள் ஊர் கிளீவ்லேண்டில் வந்து இறங்கியிருந்தது. பொருத்தமான நோயாளி யாருமே இல்லை என்று கணினி சொல்லிவிட்டதாம். மூன்று மணிக்குள் பெயர் வராவிட்டால் சிறுநீரகம் இருந்த பெட்டி சிகாகோவுக்குப் போய்விடும்.

"விட்காம் டாக்டரோட பேஷண்ட் ஒருத்தர் பேருகூட வரலையே, நதீன்?" என்றாள் போனில் பேசிய செவிலி.

விட்காம் வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். அன்று, திங்கள் காலை, கணினியிலிருந்து அவர் பதிவை அழித்தவள் நான். எங்கள் தரவுத்தளம் வம்ச மரம் மாதிரி. மேலே டாக்டர், கீழே அவருடைய நோயாளிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே அப்பன். அப்பனை அழித்தால் பிள்ளைகளும் போச்சு. முதலில் பிள்ளைகளை வேறு டாக்டருக்குக் கீழே மாற்றியிருக்க வேண்டும். நான் மாற்றவில்லை. நாற்பத்தொரு பேர்.

"நகல் டேப்பிலேருந்து மீட்க அஞ்சு மணி நேரமாகும்," என்றார் மேலாளர் வெர்னன். "மரமா வேணாம், வலையா கட்டுவோம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். டாக்டர் சங்கிலி அறுந்தாலும் ரத்த வகைச் சங்கிலியப் புடிச்சுப் போயிருக்கலாம்ல?"

"திசு வகைக்கும் சங்கிலி வேணுமே, வெர்னன். முன்கூட்டியே யாரு கோத்து வச்சிருப்பா?"

ஞாயிற்றுக்கிழமை அச்சிட்ட நோயாளிகள் பட்டியலை அலமாரியிலிருந்து இழுத்தேன். ஆளுக்கொரு வரி: பெயர், ரத்தம், திசு, டாக்டர், போன். தாள்களைத் தனித்தனியாகக் கிழித்துத் தரையெல்லாம் பரப்பினேன்.

"யாருக்குக் கீழன்னு தேடாதீங்க. என்ன வேணுமோ அந்தக் கட்டத்த மட்டும் பாருங்க."

"ஓ, எல்லாத்தையும் அட்டவணையா வைக்கணும்னு நீ சொல்ற அந்தக் கூத்தா? மெஷின்ல ஆமை மாதிரி ஊருமே!"

"மெஷின் எதுக்கு? நாலு கண்ணு இருக்குல்ல, குனியுங்க."

முணுமுணுத்துக்கொண்டே முட்டி போட்டார். வந்த சிறுநீரகம் ஓ வகை; ரத்தம் ஓ என்று பதினேழு வரிகள். திசு பார்த்ததில் மூன்று. முழுதாகப் பொருந்தியது ஒன்று. மணி இரண்டு ஐம்பது. வெர்னன் அரங்குக்குப் பெயரைச் சொல்ல ஓடினார். நான் நோயாளியின் எண்ணைச் சுழற்றினேன். அவசரத்தில் ஒரு தடவை தப்பாகப் போனது.

"ஓப்பல் ரென்ஃப்ரோவா? ஆஸ்பத்திரிலேருந்து பேசுறேம்மா. உங்களுக்குக் கிட்னி வந்திருக்கு. ஒடனே கிளம்புங்க."

மறுமுனையில் குழாய் கொட்டும் சத்தம் கேட்டது.

"டாக்டர் போனதும் எங்க பேரும் போயிருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

"கிளம்புங்கம்மா," என்றேன். ரிசீவர் எதிலோ மோதியது, கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவள் மூடாமல் போன குழாய் கொட்டும் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.