நாலாம் தொட்டி

அந்த உணவகத்தில் அண்ணியை அண்ணி என்று கூப்பிடும் உரிமை முறைப்படி ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் அண்ணியின் புருஷனுக்குத் தங்கை. ஆனால் பரிமாறுகிறவர்கள், மீன் கொண்டுவருகிறவர், வாரம் தவறாமல் ஜன்னலோர மேஜையைப் பிடித்துக்கொள்ளும் பல் டாக்டர் என்று எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாத்தனார் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த வார்த்தையைச் சொல்லுவாள், அதில் முப்பத்தைந்து தடவை சண்டைக்கு. கேட்டுக் கேட்டு மற்றவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

அண்ணி சமையல். நாத்தனார் பீர் காய்ச்சுகிறவள். ஒருத்திக்குப் புருஷனும் இன்னொருத்திக்கு அண்ணனுமாகிய மனிதர் முன்னால் நின்று வருகிறவர்களை உட்கார வைப்பார், மிச்ச நேரத்தில் இந்த இரண்டு பேரையும் விலக்கிவிடுவார். வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நடுவர். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ளத்தான் நேரம் கிடைக்கவில்லை.

கூடத்தின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் நான்கு எவர்சில்வர் தொட்டிகள். வலது பக்கம் சமையலறை, இடது பக்கம் குளிர் அறை, நடுவில் தொட்டிகளை ஒட்டி இருபது எட்டு தூரம். மூன்று வருஷமாக அந்த இருபது எட்டை இரண்டு பேரும் தேவைக்கு மேல் நடந்ததில்லை. வாசல் பலகையில் ‘பீர்’ என்ற எழுத்து பெரிதா, ‘சாப்பாடு’ என்ற எழுத்து பெரிதா என்பதில் ஆரம்பித்தது அது. பீர் நாலு விரல் பெரிதாக வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு எழுத்து அதிகம், அதனால் சின்னதாகப் போட வேண்டியதாயிற்று என்று பலகை எழுதியவர் சத்தியம் செய்தார். அண்ணி நம்பவில்லை.

இப்போதைய சண்டை நாலாம் தொட்டியைப் பற்றியது. முதல் மூன்று தொட்டிகளில் இருப்பவை யாரோ எழுதிக்கொடுத்த செய்முறைப்படி காய்ச்சிய வெளிர்நிற பீர்கள். எந்தச் சாப்பாட்டோடும் ஒத்துப்போகும், எவரும் குறை சொல்ல மாட்டார்கள். நாலாவது, நாத்தனாரின் சொந்தச் சரக்கு. பார்லியைக் கருக வறுத்து, பதினான்கு தடவை காய்ச்சிக் கொட்டி, பதினைந்தாவது தடவை தேறிய கருப்பு பீர். எட்டு மாதமாகக் குழாயில் ஓடுகிறது, ஒருவரும் இரண்டாவது கிளாஸ் கேட்டதில்லை.

போன வாரம் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை மதிய விருந்துல நாலு பீர், நாலு சாப்பாடு. நாலாவது கிளாஸ் காலியா திரும்பி வந்தா கருப்பு இருக்கும். பாதி கிளாஸா வந்துச்சுன்னா திங்கக்கிழமை அந்தத் தொட்டியில வேற பீர் ஏறும். எனக்கு இடம் பத்தல, ரெண்டு பேரும் என்னைத் திட்டாதீங்க.”

நாத்தனார் திட்டவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அண்ணிக்கு அதுதான் உறுத்தியது. வாயாடுகிறவள் வாயை மூடிக்கொண்டால் உள்ளே பலமாக அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். இருந்தாலும் அதைக் காட்டிக்கொள்ள அண்ணி என்ன ஏமாந்தவளா?

எந்த பீருக்கு எந்தச் சாப்பாடு என்று முடிவு செய்வது சமையலறையின் வேலை. அதற்காகப் பீர் எதுவானாலும் காலை பத்து மணிக்கு ஒரு கிளாஸ் அண்ணிக்குப் போய்விட வேண்டும். கடை திறந்த நாளில் நடுவர் போட்ட ஏற்பாடு. கிளாஸ் வரும், அண்ணி அதை அடுப்புக்கு மேலிருக்கும் பலகையில் வைக்கச் சொல்லுவாள். கை ஒழிந்ததும் குடித்துப் பார்ப்பாள். கை ஒழிய எப்படியும் பன்னிரண்டு ஆகிவிடும்.

கருப்பு பீரில் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை.

“கசப்புக்குப் பக்கத்துல இனிப்பு இருந்தாத்தான் அண்ணி எடுக்கும். சர்க்கரையை உருக்கி ஊத்தின புட்டிங் பண்ணுங்க.”

“கசப்பா? எங்க இருக்கு கசப்பு? வெல்லப்பாகு மாதிரி இருக்கு. இதுக்கு மேல புட்டிங்கும் வச்சா வர்றவனுக்குத் திகட்டிப் போகும். உப்புத் தூக்கலா, எலுமிச்சை போட்டு, தணல்ல வாட்டின ஆட்டு விலாதான் இதுக்குச் சரி.”

“என் பீர் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“எனக்கும் நாக்கு இருக்கு.”

“இருக்கு, வேலைதான் செய்யல.”

ஏற்பாடு ஏற்பாடுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டு விலா என்று முடிவாயிற்று. நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை பதினொன்றரைக்கு அண்ணிக்குக் கிரீம் தேவைப்பட்டது. சமையலறை ஃப்ரிட்ஜில் இடமில்லாமல் அது குளிர் அறையில் இருந்தது. வழக்கமாக யாரையாவது அனுப்புவாள். அன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் பறந்துகொண்டிருந்ததால் தானே போனாள். உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நாத்தனார் ஜாடியில் கருப்பு பீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லையா, அழுதாளா என்று தெரியவில்லை, அண்ணி கேட்கவும் இல்லை.

“வந்ததுதான் வந்தீங்க, இங்க நின்னே ஒரு வாய் குடிங்க,” என்று ஒரு கிளாஸை நீட்டினாள் நாத்தனார். “குடிச்சிட்டு வெல்லப்பாகுன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

அண்ணி குடித்தாள். பல் கூசியது. அப்புறம் தொண்டை வரைக்கும் ஒரே கசப்பு, கரியைக் கடித்தது போல. இனிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

“இது வேற பீர்,” என்றாள்.

“அதே தொட்டி, அதே பீர். காலையில உங்களுக்கு அனுப்பினதும் இதேதான்.”

அண்ணி கிரீமை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். அடுப்புக்கு மேல் பலகையில் பத்து மணிக்கு வந்த கிளாஸ் நின்றது. நுரை அடங்கியிருந்தது. எடுத்தாள், கிளாஸ் வெதுவெதுவென்றிருந்தது. ஒரு வாய் குடித்தாள். வறுத்த கொட்டை, சாக்லேட், ரொட்டியின் கருகிய ஓரம், அப்புறம் அந்த இனிப்பு.

கிரீமைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். குளிர் அறையில் நின்று குடிக்கிறவளுக்குக் கசப்பு. அடுப்படியில் சூடேறவிட்டுக் குடிக்கிறவளுக்கு இனிப்பு. எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒரே தொட்டியிலிருந்து இரண்டு பீரைக் குடித்துவிட்டுக் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். ஆட்டு விலாவின் தணல் வாடை இந்தச் சூட்டில் இருக்கும் பீரோடு பிரமாதமாகச் சேரும். குளிரக் குளிரக் கொடுத்தால் கரியும் கரியும் சேர்ந்து வாய் விளங்காமல் போகும். நாலாவது கிளாஸ் பாதி அல்ல, முக்கால்வாசி திரும்பி வரும்.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சொன்னால், பத்து மணிக்கு வந்த கிளாஸ் பன்னிரண்டு மணி வரைக்கும் ஏன் பலகையில் நிற்கிறது என்று நாத்தனார் கேட்பாள். கை ஒழியவில்லை என்ற கதை ஊரிடம் வேண்டுமானால் செல்லுபடியாகும். உண்மை என்ன என்று அண்ணிக்குத் தெரியும். அவள் கொடுத்தனுப்பியதும் ஓடிப்போய் எடுத்துக் குடிப்பதா, கிடக்கட்டும் என்ற வீம்பு. நாலு விரல் பெரிதாக எழுதிய எழுத்துக்குப் பதில் மரியாதை. ஒவ்வொரு நாளும், வேண்டுமென்றே.

நினைக்கவே கூச்சமாக இருந்தது. அதனால் முதலில் குறுக்கு வழியில் போய்ப் பார்த்தாள். நடுவரைப் பிடித்து இழுத்து, “ஏங்க, அந்தக் கருப்பு ஜாடிகளை இப்பவே எடுத்துட்டு வந்து அடுப்புக்கிட்ட வைங்க, காரணம் கேக்காதீங்க,” என்றாள்.

அவர் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“தொட்டா கையை ஒடிச்சிருவாளாம். நாலாவது சாப்பாடு வர்ற நேரத்துக்கு அவளே குளிரக் குளிரக் கொண்டுவந்து ஊத்துவாளாம். என்னம்மா நடக்குது இங்க?”

“ஒண்ணுமில்ல, போங்க.”

விருந்து ஆரம்பித்தது. இருபத்து நாலு பேர். முதல் பீருக்கு வாட்டிய மீன், இரண்டாவதற்குக் காளான் சூப், மூன்றாவதற்குப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு. எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பல் டாக்டர் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். அண்ணி கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே விலாவைத் தட்டுகளில் அடுக்கினாள். யாருடைய பீரோ போகிறது, நமக்கென்ன என்று சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. பதினான்கு தடவை கொட்டியிருக்கிறாள். அந்தப் பதினான்கு தடவையும் கொட்டிய தொட்டியைக் கழுவிவிட்டு மறுநாள் காலை சிரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். தன்னால் அது முடிந்திருக்காது என்று அண்ணிக்குத் தெரியும்.

நாத்தனார் ஜாடியோடு வந்து வரிசையாக ஊற்றினாள். கிளாஸ்களின் மேல் பனி பூத்திருந்தது. தட்டுகள் போயின. பல் டாக்டர்தான் முதலில் குடித்தார். குடித்தவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, தம் நோயாளிகளின் முகத்தைத் தாமே போட்டுக் காட்டினார்.

அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் கூடத்துக்கு வந்ததே கிடையாது. ஏப்ரனில் எண்ணெய், கையில் இடுக்கி.

“யாரும் குடிக்காதீங்க,” என்றாள். இருபத்து நாலு கைகள் அப்படியே நின்றன. நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது.

“கீழயும் வைக்காதீங்க. கிளாஸை ரெண்டு கையாலயும் நல்லா பொத்திப் பிடிச்சுக்குங்க. கால் மணி நேரம் ஆகும். விலா ஆறினா நான் சூடா வேற கொண்டுவரேன்.”

“அண்ணி, உள்ள போங்க,” என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு. “என் பீர் அது.”

“உன் பீர்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.”

கால் மணி நேரத்தை எதைச் சொல்லி ஓட்டுவது? அண்ணிக்குப் பேசத் தெரியாது, சண்டை போடத்தான் தெரியும். அதனால் சண்டையையே சொன்னாள். பலகை எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் மேஜை மேஜையாகச் சிரித்தார்கள். நடுவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கசப்பு, வெல்லப்பாகு, செத்த நாக்கு எல்லாம் சொல்லி முடித்தபோது கிளாஸ்களின் மேல் இருந்த பனி காய்ந்திருந்தது. சொல்லாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

“தினம் பத்து மணிக்குக் கிளாஸ் வரும். நான் பன்னெண்டு மணி வரைக்கும் தொட மாட்டேன். வேலைன்னு சொல்லுவேன். வேலையெல்லாம் இல்ல. இவ அனுப்பினா நான் ஓடணுமான்னு ஒரு கொழுப்பு. அது அடுப்படியில நின்னு சூடாகிடும், அதைக் குடிச்சிட்டு இவளைத் தப்புன்னு சொல்லிட்டு இருந்தேன். பதினாலு தடவை கீழ கொட்டிட்டு பதினஞ்சாவது தடவை பண்ணியிருக்கா. இந்த வீட்டுலயே இவ நாக்குதான் பெரிய நாக்கு. இதை அவகிட்ட தனியா சொல்லியிருக்கணும், தைரியம் வரல. இப்ப குடிங்க, குடிச்சிட்டு விலாவைக் கடிங்க.”

குடித்தார்கள். பரிமாறுகிறவர்கள் அடுப்பிலிருந்த விலாவைச் சூடாக மாற்றி வைத்தார்கள். அண்ணி யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குள் புகுந்துகொண்டாள். காது சுட்டது. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் கிளாஸ்கள் வர ஆரம்பித்தபோது எண்ணினாள். இருபத்து நாலும் காலி. பல் டாக்டர் இன்னொன்று கேட்டிருப்பதாக நடுவர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னார். அவருக்குப் பின்னால் தங்கை வருவதைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டார்.

நாத்தனார் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கம்பளிச் சட்டையைக் கழற்றவில்லை. அண்ணி அடியைத் தாங்கத் தயாரானாள்.

“நான் ஒண்ணு சொல்லணும் அண்ணி.”

“சொல்லு. திட்டறதுன்னா திட்டிடு.”

“நீங்க சாப்பிடக் கூப்பிடுவீங்கல்ல, ரெண்டு மணிக்கு? நான் வேணும்னேதான் மூணு மணிக்கு வருவேன். கூப்பிட்டா உடனே வரணுமான்னுதான். எல்லாம் ஆறிப்போய் இருக்கும். ஆறினதைச் சாப்பிட்டுட்டு, அண்ணி சமையல்ல ஒண்ணுமே இல்லைன்னு அண்ணன்கிட்ட சொல்லுவேன்.”

அண்ணி இடுக்கியைக் கீழே வைத்தாள்.

“எத்தனை நாளா?”

“கடை திறந்ததுலேர்ந்து. சூடா ஒரு நாளும் சாப்பிட்டதில்ல.”

மூன்று வருஷம். அண்ணிக்குக் கோபம் வரப் பார்த்தது, பாதி வழியில் அது சிரிப்பாகிப் போனது. சிரித்தால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று அடக்கினாள், அடங்கவில்லை. நாத்தனாரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அண்ணியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அண்ணி அந்தக் கம்பளி முதுகைத் தடவிக்கொடுத்தாள். இவளை எனக்குப் பிடிக்கும், எப்போதுமே பிடிக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது.

“சரி, உக்காரு,” என்றாள். அடுப்பிலிருந்து ஒரு விலாவை நேராகத் தட்டில் வைத்து, முக்காலியை இழுத்துப் போட்டாள். “ஆறவிடாதே. இப்பவே சாப்பிடு.”

நாத்தனார் கடித்தாள். வாய் சுட்டது, ஊதிக்கொண்டே மென்றாள். மென்று விழுங்கிவிட்டு எலும்பில் ஒட்டியிருந்ததையும் கடித்து இழுத்தாள்.

“மூணு வருஷம் அண்ணி,” என்றாள் மெதுவாக. “மூணு வருஷம் இதை விட்டுட்டேனே.”

அண்ணி இன்னொரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.